வெளிநாட்டு விலையைக் கேட்டு மயங்கலாமா?

பொங்கலை ஒட்டி மதுராந்தகம் சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறையில் வருவது வழக்கம். சிங்கப்பூரில் இருந்து ஒருவர், துபாயில் இருந்து ஒருவர், அண்மைக் காலமாக ஜப்பானில் இருந்தும் ஓரிருவர் வருகிறார்கள். வந்த மறுநாளே டீக்கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். அந்த ஊரில் சாப்பாடு எப்படி, பஸ் ரயில் எப்படி, காய்கறி என்ன விலை என்ற பேச்சுதான் நடக்கும்.

"சித்தப்பா, ஜப்பான்லே ஒரு கிலோ அரிசி ஐந்நூறு ரூபாய். சிங்கப்பூர்லே முருங்கைக்காயை எண்ணித்தான் கொடுக்கிறான்" என்று பிள்ளை சொல்வான். "அப்போ அங்கே பயிர் வைக்கிறவன் ராஜான்னு சொல்லு" என்று சித்தப்பா பெருமூச்சு விடுவார்.

இந்தப் பெருமூச்சு அந்தத் திண்ணையோடு நின்றுவிட்டால் பாதகமில்லை. ஆனால் அது நிற்பதில்லை. "இங்கே நெல் வைத்து என்ன கண்டோம்" என்று சொல்லி, நெடுஞ்சாலையை ஒட்டிய நஞ்சையை மனை போடக் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். "விளைவதை எல்லாம் ஏற்றுமதிக்கு எடுத்துக்கொள்கிறோம்" என்று ஆசை காட்டுபவரை நம்பி, விதைக்கும் கன்றுக்கும் அதிக விலை கொடுத்துவிட்டு, அறுவடைக் காலத்தில் அவரைத் தேடி அலைகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே வெளிநாட்டு விலைச் செய்தியை எப்படி எடை போடுவது என்பதைச் சிறு விவசாயி தெரிந்துகொள்வது நல்லது.

ரூபாயில் மாற்றிப் பார்ப்பது சரியான கணக்கா?

பிள்ளை சொன்னது பொய்யல்ல. 2025-ம் ஆண்டு மே மாதத்தில் ஜப்பானியக் கடைகளில் 5 கிலோ அரிசி 4,200 யென்னுக்கும் மேல் விற்றது. அப்போதைய நாணய மாற்றுப்படி அது ஏறத்தாழ 2,500 ரூபாய். அதாவது கிலோ 500 ரூபாய்.

ஆனால் அங்கே அரிசி வாங்குகிறவர் ரூபாயில் சம்பளம் வாங்குவதில்லை. ஒரு பொருள் விலை கூடுதலா, குறைவா என்று அறிய, அதை வாங்க எவ்வளவு நேரம் உழைக்க வேண்டும் என்று பார்ப்பதே சரியான அளவுகோல். அந்தச் சமயத்தில் ஜப்பானில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி, நாட்டின் சராசரியாக, மணிக்கு 1,055 யென். அந்தக் கூலி வாங்குகிறவர் 50 நிமிடம் வேலை செய்தால் ஒரு கிலோ அரிசி வாங்கிவிடலாம்.

இங்கே தமிழகத்தில் 2025-26-ம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேர வேலை என்று கொண்டால் மணிக்கு 42 ரூபாய். கடையில் கிலோ 56 ரூபாய் அரிசி வாங்குவதாக வைத்துக்கொண்டால், அதற்கு ஒரு மணி 20 நிமிடம் உழைக்க வேண்டும். ரேஷன் அரிசி மட்டும் இல்லையென்றால், மதுராந்தகத்துக் கூலித் தொழிலாளிக்கு அரிசி ஜப்பான்காரரைவிட அதிக விலைப் பொருள்தான். ரூபாயில் மாற்றிப் பார்த்தபோது தெரியாத உண்மை, உழைப்பில் மாற்றிப் பார்த்தால் தெரிகிறது.

விலை ஏறியபோது டிராக்டர் ஊர்வலம் ஏன்?

இனி, "அங்கே பயிர் வைக்கிறவன் ராஜா" என்ற பேச்சைப் பார்க்கலாம். ஜப்பானில் அரிசி விலை ஓர் ஆண்டுக்குள் ஏறத்தாழ இரட்டிப்பாகி இருந்த நேரம் அது. 2025-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி டோக்கியோ நகரின் நடுவே விவசாயிகள் சுமார் 30 டிராக்டர்களை ஓட்டி ஊர்வலம் சென்றார்கள். விவசாயத்தில் வரும் வருமானத்தைக் கொண்டு வாழ முடியவில்லை, அரசு வருமானத்துக்கு உத்தரவாதம் தர வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அரிசி விலை உச்சத்தில் இருந்தபோது அரிசி விளைவிப்பவர் தெருவுக்கு வந்தார் என்பது சிந்திக்க வேண்டிய விஷயம்.

இதற்குக் காரணங்கள் உண்டு. ஜப்பானில் 1970-ம் ஆண்டு வாக்கில் தொடங்கி 2018 வரை, நெல் அளவுக்கு மீறி விளைந்துவிடாமல் இருக்க, சாகுபடிப் பரப்பைக் குறைக்கும்படி அரசே கேட்டு அதற்குப் பணமும் கொடுத்து வந்தது. வெளிநாட்டு அரிசி தடையின்றி வந்துவிடாதபடி கிலோவுக்கு 341 யென் சுங்கவரியும் போட்டிருந்தது. பரப்பு குறைந்தது. பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள். விவசாயத்தையே முக்கியத் தொழிலாகக் கொண்டவர்களின் சராசரி வயது 69-ஐ எட்டிவிட்டது. இந்த நிலையில் 2023-ம் ஆண்டுக் கோடை வெப்பத்தால் நெல்லின் தரம் கெட்டது. 2024 ஆகஸ்டில் பெரிய நிலநடுக்கம் வரலாம் என்ற எச்சரிக்கை வெளியானதும் மக்கள் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கினார்கள். விலை தாவியது.

ஆனால் உரம், டீசல், இயந்திரம் ஆகியவற்றின் செலவும் அதற்கு முன்பே ஏறியிருந்தது. தவிர, பல விவசாயிகள் அறுவடை நேரத்திலேயே நெல்லைக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டவர்கள். பிறகு கடையில் ஏறிய விலை முழுவதும் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது என்று சொல்ல முடியாது. கார்த்திகையில் விதைத்த கடலையைப் பங்குனியில் பிடுங்கியவுடன் விற்றுவிட்டு, ஆடியில் விலை ஏறுவதைப் பார்த்து நிற்கும் மதுராந்தகத்து விவசாயிக்கு இந்த நிலைமையை விளக்கத் தேவையில்லை.

கடை விலை வேறு, களத்து விலை வேறு

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே உள்நாட்டில் விளைந்த உணவுக்கு மக்கள் செலவிடும் ஒரு டாலரில், அதாவது 100 சென்ட்டில், பண்ணைக்குப் போய்ச் சேருவது சுமார் 15 சென்ட் மட்டுமே என்று அந்நாட்டு விவசாயத் துறை கணக்கிட்டு வெளியிடுகிறது. மீதி 85 சென்ட், லாரி, பதப்படுத்தும் ஆலை, பெட்டி, குளிர்பதனக் கிடங்கு, கடை வாடகை, ஓட்டல் ஊழியர் சம்பளம் என்று பிரிந்துபோகிறது. ஆகவே பயணி பார்க்கும் விலைச்சீட்டில் ஆறில் ஒரு பங்குகூட விவசாயியின் பணமில்லை.

சிங்கப்பூரை எடுத்துக்கொண்டால், அந்நாடு தனக்கு வேண்டிய உணவில் 90 சதவீதத்துக்கு மேல் வெளியில் இருந்து வாங்குகிறது. அங்கே தேக்கா மார்க்கெட்டில் தமிழர்கள் வாங்கும் முருங்கைக்காய்க்குத் தரும் விலையில் காய் விலை ஒரு பகுதிதான். விமானக் கட்டணம், அழுகிப்போகும் காய்க்கான நஷ்டம், கடை வாடகை எல்லாம் அதில் அடக்கம். இந்தக் காயைத் தோட்டத்தில் பறித்துப் போட்டவருக்கு அன்று உள்ளூர் மண்டியில் கிடைத்த விலை என்ன என்று பயணி கேட்டு வந்திருந்தால், சித்தப்பா பெருமூச்சு விட்டிருக்க மாட்டார்.

"அப்படியானால் நேரே ஏற்றுமதி செய்துவிடலாமே" என்று சிலர் கேட்கலாம். செய்யலாம். ஆனால் அந்த விலைக்கு அந்த ஊர்க் கட்டுப்பாடும் உண்டு. 2014-ம் ஆண்டு மே மாதம் முதல் ஐரோப்பிய நாடுகள் இந்திய மாம்பழத்தையும், கத்தரி, பாகல், புடல், சேம்பு ஆகியவற்றையும் உள்ளே விடாமல் தடுத்தன. அதற்கு முந்தைய ஆண்டில் 207 சரக்குகளில் பழ ஈயும் பிற பூச்சிகளும் காணப்பட்டதே காரணம். மாம்பழத் தடை 2015-ம் ஆண்டு தொடக்கத்தில் நீங்கியது. பூச்சிமருந்து எச்சத்துக்கும் இப்படியே சோதனை உண்டு.

பழ ஈயை ஒரு விவசாயி தம் அரை ஏக்கர் பாகல் கொல்லையில் மட்டும் ஒழிக்க முடியாது. விழுந்த காயைப் பொறுக்கி ஆழப் புதைப்பது, கூட்டுப்புழு வெளிப்படும்படி கோடை உழவு செய்வது, ஆண் ஈயைக் கவரும் கியூலூர் பொறி வைப்பது ஆகியவற்றை ஊரில் பாகல், புடல், பீர்க்கன் வைத்திருக்கும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் செய்தால்தான் பலன் கிடைக்கும். ஒருவர் செய்து அடுத்தவர் விட்டால், அடுத்த கொல்லை ஈ இந்தக் கொல்லைக்கு வந்துவிடும். ஏற்றுமதி விலை வேண்டுமென்றாலும் ஊர் ஒன்று சேர வேண்டியிருக்கிறது.

தர்பூசணி சொல்லும் பாடம்

மதுராந்தகம், செய்யூர் வட்டாரங்களில் மார்கழி, தை மாதங்களில் தர்பூசணி போட்டு, மாசி முதல் அறுவடை செய்கிறவர்கள் ஏராளம். ஆகவே ஜப்பானியத் தர்பூசணி பற்றிய செய்தி இப்பகுதியில் ஆவலோடு கேட்கப்படுகிறது. 2008-ம் ஆண்டில் ஹொக்கைடோ தீவில் விளையும் டென்சுகே என்ற கருந்தோல் தர்பூசணி ஒன்று ஏலத்தில் 6,50,000 யென்னுக்குப் போனது உண்மை. ஆனால் அது அந்த ஆண்டின் முதல் ஏலம். அன்று கேட்கும் விலை கடைக்காரருக்கு விளம்பரம். அடுத்த வாரம் அதே ரகப் பழம் மிகக் குறைந்த விலைக்கே போகும். சதுர வடிவத் தர்பூசணி என்று படம் காட்டுகிறார்களே, அது பிஞ்சிலேயே பெட்டிக்குள் வைத்து வளர்த்து, பழுக்குமுன் பறிப்பது. கடையில் அழகுக்கு வைப்பார்களே தவிர யாரும் தின்பதில்லை.

இந்த வேடிக்கைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அங்கே கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. டென்சுகே என்ற பெயர் ஒரு தனி விவசாயியின் சொத்தல்ல. தோமா என்ற சிற்றூர்ப் பகுதி விவசாயிகள் கூட்டாக அந்தப் பெயரைக் காப்பாற்றி வருகிறார்கள். பழங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் தரம் பார்க்கப்படுகின்றன. தரத்தில் தேறாத பழத்துக்கு அந்தப் பெயர் கிடையாது.

இதை இங்கே நடந்ததோடு ஒப்பிட வேண்டும். 2025-ம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் தர்பூசணியில் சாயம் ஏற்றப்படுகிறது என்ற பேச்சு தமிழகம் எங்கும் பரவியது. வாங்குவோர் பின்வாங்கினார்கள். விலை சரிந்தது. பழம் வயலிலேயே தேங்கியது. கொடியில் இருந்து பறித்த பழத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த விவசாயி எந்தத் தவறும் செய்யாதவர். ஆனால் தம் பழம் நல்ல பழம் என்று சொல்ல அவரிடம் ஒரு பெயர் இல்லை, ஒரு முத்திரை இல்லை, அவருக்காகப் பேச ஒரு சங்கம் இல்லை. லாரியில் ஏறியதும் எல்லோருடைய பழமும் ஒன்றாகிவிட்டது. வதந்தியும் எல்லோரையும் ஒன்றாகவே அடித்தது.

படகில் வந்த முட்டைக்கோசு

விலைக்கும் வண்டி வாடகைக்கும் உள்ள உறவை ஹாலந்து நாட்டில் பார்க்கலாம். அங்கே புரூக் ஓப் லாங்கடைக் என்ற ஊரில் வயல்கள் எல்லாம் நீர் சூழ்ந்த சிறு சிறு திட்டுகள். மாட்டு வண்டி போக வழியில்லை. விவசாயிகள் முட்டைக்கோசையும் காலிபிளவரையும் படகில் ஏற்றிக்கொண்டு போய், கரையில் நிற்கும் வியாபாரிகளிடம் ஒவ்வொருவராகப் பேரம் பேசி விற்று வந்தார்கள். 1887-ம் ஆண்டில் ஒருநாள் ஒரு விவசாயி தனித்தனியாகப் பேரம் பேசாமல், எல்லா வியாபாரிகள் முன்னிலையிலும் தம் படகுச் சரக்கை ஏலம் விட்டார். நல்ல விலை கிடைத்தது. மறுநாள் மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

பிறகு நீரின் மேலேயே ஏலக் கூடம் கட்டினார்கள். படகு ஒரு பக்கம் நுழைந்து, வியாபாரிகள் முன்னால் நின்று, மறுபக்கம் வெளியேறும். சுவரில் கடிகாரம் போன்ற ஒரு பெரிய வட்டம். அதன் முள் உயர்ந்த விலையில் இருந்து இறங்கிக்கொண்டே வரும். வேண்டிய வியாபாரி பொத்தானை அழுத்தினால் முள் நின்றுவிடும். அதுதான் விலை. இரண்டு மூட்டை கொண்டு வந்தவருக்கும் இருபது மூட்டை கொண்டு வந்தவருக்கும் முள் ஒன்றே. அந்தக் கூடம் 1973-ம் ஆண்டு வரை நடந்தது. இப்போது அது காட்சிச்சாலை.

இங்கே மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு, எல்லோர் கண்ணுக்கும் தெரியும் அந்த முள்ளின் அருமை புரியும். தமிழகத்திலும் இதற்கு வழி செய்யாமல் இல்லை. 1933-ம் ஆண்டிலேயே சட்டம் வந்து, 1936-ல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் தொடங்கியது. இக்கூடங்களில் மறைமுக ஏலம் நடக்கிறது. சரியான எடை, கமிஷன் பிடித்தம் இல்லாத விலை, சரக்கை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் என்ற வசதிகள் உள்ளன. 2016 முதல் வெளியூர் வியாபாரிகளும் ஏலம் கேட்கும் மின்னணு தேசிய வேளாண் சந்தை என்ற ஏற்பாடும் வந்துள்ளது. ஆயினும் கடலை மூட்டையைக் கூடத்துக்குக் கொண்டு போகாமல் களத்திலேயே அளந்து கொடுத்துவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

போக்குவரத்தே பாதி விலை

அதற்கு முக்கியக் காரணம் வண்டிச் செலவு. படகுப் போக்குவரத்து இப்பகுதிக்குப் புதிதல்ல. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாக மரக்காணம் வரை செல்லும் பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு காலத்தில் உப்பும் சவுக்கு விறகும் படகுகளில் சென்னைக்குப் போயின. 1965, 1966-ம் ஆண்டுப் புயல்களுக்குப் பிறகு அந்தப் போக்குவரத்து நலிந்துவிட்டது. இப்போது எல்லாம் சென்னை-திருச்சி நெடுஞ்சாலைதான். 1996-ல் கோயம்பேடு மார்க்கெட் தொடங்கிய பிறகு இரவு ஏற்றினால் விடியுமுன் இறக்கிவிடலாம். சாலை இருக்கிறது, மார்க்கெட் இருக்கிறது. ஆனால் சிறு விவசாயியின் சரக்கு ஒரு வண்டியை நிரப்புவதில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 'குட்டி யானை' என்று மக்கள் அழைக்கும் சிறு சரக்கு வண்டிக்கு ஒரு நடைக்கு 3,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால், 150 கிலோ கத்தரிக்காயைத் தனியே ஏற்றுகிறவருக்குக் கிலோவுக்கு 20 ரூபாய் செலவாகும். அதே வண்டியில் ஐந்து பேர் சேர்ந்து 750 கிலோ ஏற்றினால் கிலோவுக்கு 4 ரூபாய்தான். மீதமாகும் 16 ரூபாய்க்கு உரமோ மருந்தோ கூடுதலாகப் போட வேண்டியதில்லை. பக்கத்து வயல்காரரோடு பேசினால் போதும். இது நடக்காததால்தான் வயலுக்கு வரும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வாடகையே இல்லாத வழி ஒன்றும் உண்டு. ஜப்பானில் 1993-ம் ஆண்டு முதல் நெடுஞ்சாலை ஓரங்களில் 'சாலை நிலையம்' என்ற பெயரில் இளைப்பாறும் இடங்கள் அமைத்து வருகிறார்கள். இன்று 1,200-க்கு மேல் உள்ளன. வண்டி நிறுத்த இடம், கழிப்பறை, சாப்பாட்டுக் கடை ஆகியவற்றோடு, பெரும்பாலான இடங்களில் சுற்றுக் கிராம விவசாயிகளின் விற்பனைக் கூடமும் இருக்கும். காலையில் விவசாயி காயைக் கொண்டு வந்து, தம் பெயரையும் தாம் வைத்த விலையையும் எழுதிய சீட்டை ஒட்டி அடுக்கிவிட்டுப் போவார். மாலையில் விற்காததை எடுத்துக்கொள்வார். விற்றதில் ஒரு சிறு பங்கைக் கூடத்துக்குக் கழிவாகக் கொடுத்தால் போதும். சரக்கை நகரத்துக்குக் கொண்டு போகாமல், நகரத்துக்காரரைச் சரக்கு இருக்கும் இடத்தில் நிற்க வைக்கிறார்கள்.

மதுராந்தகம், அச்சிறுபாக்கம் பகுதிகளுக்கு இது பொருந்துமா என்று கேட்கவே வேண்டியதில்லை. சென்னையில் இருந்து தெற்கே போகும் கார்களும் பஸ்களும் இந்த ஊர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். கோடையில் சாலையோரம் தர்பூசணியும் நுங்கும் குவித்து விற்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் வெயிலில், வண்டி நிறுத்த இடமில்லாமல், விபத்துக்கு அஞ்சிக்கொண்டு நடக்கும் வியாபாரம் அது. பல இடங்களில் விற்பவர் விளைவித்தவரும் அல்லர். 1999-ம் ஆண்டில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தை நகர மக்களோடு நிறுத்தாமல் நெடுஞ்சாலைக்கும் கொண்டு வருவது அரசு செய்ய வேண்டிய காரியம். நிழலும் குடிநீரும் கழிப்பறையும் எடை மேடையும் கொண்ட ஒரு கூடம் போதும். அதில் அடையாள அட்டை பெற்ற விவசாயி மட்டுமே விற்க வேண்டும்.

விலையை விட்டு வழியைக் கொண்டு வந்தவர்

வெளிநாடு போய் வந்தவர் சொல்லும் செய்தியால் தமிழக விவசாயிக்குப் பெரிய நன்மை விளைந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த பிரெடரிக் நிக்கல்சன், விவசாயிகளைக் கடன் தொல்லையில் இருந்து மீட்க என்ன வழி என்று ஆராயும்படி 1892-ம் ஆண்டில் பணிக்கப்பட்டார். ஐரோப்பிய நாடுகளின் கிராம வங்கிகளை அவர் ஆராய்ந்தார். ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் 1864-ம் ஆண்டில் ஹெடஸ்டார்ஃப் என்ற ஊரில் தொடங்கிய கடன் சங்கமும், அதைப் பார்த்துப் பெருகிய சிற்றூர்ச் சங்கங்களும் அவர் கருத்தைக் கவர்ந்தன. ஒருவரை ஒருவர் அறிந்த ஓர் ஊர்க்காரர்கள், ஒருவருக்கு ஒருவர் பொறுப்பேற்று, தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கும் ஏற்பாடு அது. நிக்கல்சனின் அறிக்கை 1895, 1897-ம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது. சட்டம் மட்டும் போதாது, ரைபைசனைப் போல ஊருக்கு உழைக்கும் மனிதர் வேண்டும் என்பது அதன் சாரம்.

1904-ம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில், விவசாயிகளின் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கியது. தமிழகக் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு அதுவே முன்னோடி. இன்று தமிழக விவசாயி தவணை தவறாமல் கட்டினால் வட்டியில்லாப் பயிர்க்கடன் பெறுகிறார் என்றால், அதன் வேர் அங்கே இருக்கிறது. ஜெர்மனியில் ரொட்டி என்ன விலை என்று நிக்கல்சன் எழுதி வந்திருந்தால் அதை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

தண்ணீருக்கு உள்ள முறை விற்பனைக்கும் வேண்டும்

"கூட்டுறவு என்பதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கும், நடைமுறையில் நாலு பேர் கைக்குப் போய்விடும்" என்ற குறை விவசாயிகளிடம் உண்டு. அது நியாயமான குறை. பெயரளவில் பதிவு செய்து, உரம் விற்பதோடு நின்றுவிட்ட உற்பத்தியாளர் நிறுவனங்களும் இருக்கின்றன. மற்றொரு தடை முன்பணம். விதைப்புக்கும் மருந்துக்கும் வியாபாரியிடம் கை நீட்டியவர், அறுவடையில் அவர் சொன்ன விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே விற்பனையைச் சீர் செய்ய நினைப்பவர்கள் முதலில் கடனைச் சீர் செய்ய வேண்டும். சாகுபடிக்கு வேண்டிய பணத்தைக் கூட்டுறவு வங்கியில் உரிய காலத்தில் பெற்றால்தான், அறுவடையில் யாரிடம் விற்பது என்ற சுதந்திரம் கிடைக்கும். கடன் மனுவை விதைப்புக்குப் பின் தீர்த்து வைப்பதில் பயனில்லை என்பதை அதிகாரிகளும் உணர வேண்டும்.

ஒன்று சேர்வது மதுராந்தகத்து விவசாயிக்குத் தெரியாத வித்தை அல்ல. சோழர் காலப் பெயரைத் தாங்கி நிற்கும் மதுராந்தகம் ஏரியே அதற்குச் சாட்சி. ஏரி ஒன்று, மதகு சில, வயல் ஆயிரம். நீர்க்கட்டி திறந்து விட்ட தண்ணீரை, தலைமடை முதல் கடைமடை வரை முறை வைத்துப் பாய்ச்சியதால்தான் இங்கே பயிர் விளைந்தது. தன் வயலுக்கு மட்டும் தனியே ஏரி வெட்டிக்கொள்ள யாராலும் முடியாது. தண்ணீருக்கு முறை வைத்தவர்கள், விளைந்ததை விற்கும்போது மட்டும் ஆளுக்கொரு பக்கம் போவதால்தான் விலை கைநழுவிப் போகிறது.

பெரிய நிறுவனமாகத் தொடங்க வேண்டும் என்பதில்லை. அடுத்த பருவத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வண்டி பிடிக்கலாம். பத்துப் பேர் சேர்ந்து தர்பூசணியைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று பிரித்து, ஊர்ப் பெயர் எழுதிய சீட்டு ஒட்டி அனுப்பலாம். கடலையை முழுவதும் விற்றுவிடாமல் பாதியை விற்பனைக்கூடத்தில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொள்ளலாம். இதில் நம்பிக்கை பிறந்த பிறகு சங்கமாகவோ நிறுவனமாகவோ பதிவு செய்வது எளிது. வரவு செலவை மாதம் ஒருமுறை ஊர்ப் பொது இடத்தில் படித்துக் காட்டுவது என்ற ஒரு விதியை மட்டும் விட்டுவிடக் கூடாது.

பயணியிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

அடுத்த பொங்கலுக்குப் பிள்ளை ஊருக்கு வரும்போது, "அங்கே என்ன விலை" என்று மட்டும் கேட்டு விட்டுவிடலாகாது. அந்த விலையில் பயிரிட்டவர் கைக்கு வந்தது எவ்வளவு? அவர் சரக்கை யார், எந்த வண்டியில் கொண்டு போனார்கள்? தரம் பிரித்தது யார்? விலை சொன்னது யார், பணம் எத்தனை நாளில் வந்தது? அவருக்குக் கடன் கொடுத்தது யார்? இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டு வரும்படி போகும்போதே பிள்ளையிடம் சொல்லி அனுப்பலாம்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அக்கரையில் உள்ள விவசாயியும் விலைக்காகத் தெருவில் டிராக்டர் ஓட்டுகிறவர்தான். அவர் சற்று நிமிர்ந்து நிற்கும் இடங்களில் எல்லாம் பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து நிற்கிறார். மதுராந்தகத்துச் சிறு விவசாயி வெளிநாட்டில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒன்றுதான். இதற்கு விமானச் சீட்டும் தேவையில்லை, சுங்கவரியும் இல்லை.